யோகமலரின் இரத்தம் சொன்னது

தம்பிக்குச் சிறுநீரகம் கொடுப்பதற்கு யோகமலர் யோசிக்கவே இல்லை. யோசித்ததெல்லாம் டொக்ரர்மார்தான்.

அது 1996ஆம் ஆண்டு, மேப்பிள் மரங்கள் இலை கொட்டத் தொடங்கியிருந்த காலம். தம்பி வாகீசனுக்கு முப்பத்துநான்கு வயது. ரொறொன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து அவனுக்கு இரண்டு வேலை. பகலில் ஒரு உணவகத்தின் குசினி, பின்னேரத்தில் அலுவலகங்கள் துடைப்பது. தலையிடித்தால் இரண்டு ரைலினோல் குளிசையை விழுங்கிவிட்டு ஓடுவான். அந்தத் தலையிடி இரத்த அழுத்தம் என்பதை அவன் அறிந்தபோது இரண்டு சிறுநீரகங்களும் முடிந்துபோயிருந்தன. வாரத்தில் மூன்று நாள் கழுத்துக்குக் கீழே பொருத்திய குழாய் வழியாக இரத்தத்தை வெளியே எடுத்து, மெசினில் கழுவி, திரும்ப உள்ளே விட்டார்கள். வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தால், இரண்டு வயது மகள் கஜனி அவன் மேல் ஏறி விளையாடினாலும் கண் திறக்கமாட்டான்.

மனைவி பிரதீபாவின் இரத்த வகை பொருந்தவில்லை. வாகீசனின் ஒரு அண்ணன் செத்துப்போனான், இன்னொருவன் யுத்தத்துக்குள் வன்னியில். மிச்சம் யோகமலர்தான். சோதித்துப் பார்த்தார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு பொருத்தம் அடிக்கடி அமையாது என்றார்கள். யோகமலர் அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவளைத் தராசில் ஏறச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்புக்கு வந்திருந்த கிளடிஸ் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெண். மற்றவர்களுக்கு வரும் கெட்ட செய்தியைத் தன் வாயால் சொல்லிச் சொல்லியே முகம் இறுகிப்போனவள்.

"மலரக்கா, உங்கடை கிட்னி நல்லதாம். ஆனால் இந்த நிறையோடை வெட்டேலாதாம். அறுபது இறாத்தல், இருபத்தேழு கிலோ எண்டாலும் குறைச்சுக்கொண்டு வரட்டாம்."

"நிறையிலை என்ன கிடக்கு? அவை வெட்டப்போறது கிட்னியைத்தானே? அது மெல்லிசாத்தான் இருக்கும் எண்டு சொல்லும் பிள்ளை."

கிளடிஸ் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். டொக்ரர் சிரிக்கவில்லை. கொழுப்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனால் காயம் ஆறாது, நெஞ்சில் சளி கட்டும், நாளைக்குச் சீனி வியாதியும் வந்தால் மிஞ்சிய ஒரு சிறுநீரகமும் போய்விடும் என்று பொறுமையாக விளக்கினார்.

"தம்பியைக் காப்பாத்தப்போய் அக்காவைக் கொல்ல ஏலாதாம்" என்று கிளடிஸ் முடித்தாள்.

யோகமலர் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய உடம்பைப் பற்றி மற்றவர்கள் கூடிப் பேசுவது இது முதல் தடவையில்லை. ஊரில், கைதடியில் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அவளுக்குக் குண்டு மலர் என்று பெயர். பெண் பார்க்க வந்த பகுதியார் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. கடைசியாக வந்த மாப்பிள்ளையின் தாய், வாசற் படலையைத் தாண்டுமுன்பே, "இவளுக்குச் சாப்பாடு போட்டே என்ரை பிள்ளை அழிஞ்சுபோவான்" என்று சொன்னது உள்ளே இருந்தவளுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவள் கலியாணப் பேச்சை எடுக்க விடவில்லை. தாய் செத்தபோது வாகீசன் கைக்குழந்தை. அவனைத் தூக்கி வளர்த்தது அந்தத் தடித்த கைகள்தான். அவன் அதை மறக்கவில்லை. கனடாவில் காலூன்றியதும் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனைப் பிடித்து 1990இல் அக்காவை எடுப்பித்தான். பிறகுதான் தனக்குக் கலியாணம் செய்தான்.

டோர்செட் பார்க் பகுதியில் ஒன்பதாம் மாடியில் இரண்டு அறை அப்பார்ட்மென்ற். யோகமலர் ஹோலில் படுத்தாள். விடிய எழும்பிப் பிளாஸ்ரிக் மூடிகள் செய்யும் பக்ரறிக்குப் போனாள். நாள் முழுக்க நின்ற நிலையில் மூடி அடுக்கிவிட்டு வருவாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கும்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியால் வந்ததும் அவள் சோற்றை விட்டாள். பிறகு பாணை, ரொட்டியை விட்டாள். ரீயில் சீனி போடுவதை விட்டாள். இலைக்கஞ்சியும் அவித்த மரக்கறியும்தான். வேலை முடிந்து கென்னடி வீதி நெடுக நடந்தாள். பனி கொட்டத் தொடங்கியபின் அப்பார்ட்மென்ற் கொரிடோரில் அந்தக் கதவுக்கும் இந்தக் கதவுக்கும் நடந்தாள். முதலில் கொஞ்சம் இறங்கியது. பிறகு உடம்பு பிடிவாதமாக நின்றுவிட்டது. என்ன செய்தும் அசையவில்லை.

பிரதீபா ஆரம்பத்தில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யோகமலர் கையில் எடுக்கும் ஒவ்வொன்றையும் அவளுடைய கண் பின்தொடர்ந்தது.

"மச்சாள், உது ஆருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். யோகமலரின் கையில் கஜனி கடித்து மிச்சம் விட்ட பிஸ்கற் இருந்தது.

"குப்பையிலை போடப்போறன்."

"நான் சும்மாதான் கேட்டனான்."

யோகமலர் அதைக் குப்பைக் கூடையில் போட்டாள். அவள் உண்மையாகவே அதைப் போடத்தான் எடுத்திருந்தாள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு அவளுக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை.

கிளடிஸ்தான் ஒருநாள் போன் எடுத்து அந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். மில்லிக்கன் பக்கம் ஒரு கடைப் பிளாசாவில் சீன டொக்ரர் ஒருத்தர் உடம்பு பருத்தவர்களுக்கு அக்குபங்சர் ஊசி ஏற்றிப் பார்க்கிறாராம். தொடக்கத்திலும் முடிவிலும் இரத்தம் எடுத்துச் சோதிப்பார்களாம்.

"நிறை குறையுமோ?"

"சில பேருக்குக் குறையுதாம். நான் பொய் சொல்லமாட்டன், மலரக்கா, அதுக்காக அவை செய்யேல்லை. இரத்தத்திலை வேறை ஏதோ பாக்கினம். நீங்கள் வந்தால் நான் வந்து சொல்லித்தாறன்."

குறையும் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. யோகமலர் கென்னடி பஸ்ஸில் ஏறி ஸ்ரீல்ஸ் வீதி வரைக்கும் போனாள். ஒரு பேக்கரிக்கும் மீன் கடைக்கும் நடுவில் அந்தக் கிளினிக் இருந்தது. டொக்ரர் லியாங் ஐம்பது வயதுப் பெண். மெலிந்த உடம்பு, கட்டையாக வெட்டிய நரைத்த மயிர். யோகமலரின் வயிற்றை அழுத்திப் பார்த்தபோது அவருடைய முகத்தில் அருவருப்பும் இருக்கவில்லை, இரக்கமும் இருக்கவில்லை. யோகமலருக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

டொக்ரர் லியாங் சொன்னதைக் கிளடிஸ் தனக்கு விளங்கிய தமிழில் சொன்னாள்.

"நாங்கள் இழுக்கிற மூச்சாலையே உடம்புக்குள்ளை ஒரு துரு பிடிக்குதாம், மலரக்கா, இரும்பிலை பிடிக்கிற மாதிரி. அதைத் தடுக்க உடம்பிலையே காவலாக்கள் இருக்கினமாம். அன்ரிஒக்சிடன்ற் எண்டுறது. உடம்பு பருத்த ஆக்களுக்குத் துரு கூடவாம், காவல் களைச்சுப்போகுமாம். ஊசி போட்டால் அந்தக் காவல் திரும்ப எழும்புமோ எண்டுதான் பாக்கினமாம்."

"காவலாக்களோ?" என்றாள் யோகமலர். "ஊரிலை காவலுக்கு எண்டு வந்தவையாலைதான் நாங்கள் ஓடிவந்தனாங்கள்."

கிளடிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சரியான இடத்தில் ஊசி ஏறும், மற்றப் பாதிக்குச் சும்மா ஒரு இடத்தில் ஏறும், யாருக்கு எது என்று கடைசியில்தான் சொல்வோம் என்றார் டொக்ரர் லியாங். யோகமலர் சரி என்றாள். அந்த வயதுக்குள் அவளுக்கு நடந்த எதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யவில்லை.

வயிற்றில் தொப்புளைச் சுற்றி, முழங்காலுக்குக் கீழே, கணுக்காலில் என்று மயிர் போன்ற ஊசிகள் ஏறின. வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஊசிகளில் மெல்லிய வயர்களைக் கொளுவி மின்சாரத்தை விட்டார்கள். வயிற்றுத் தசை தன்பாட்டில் துள்ளியது. யோகமலர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மற்றவர்கள் பேசிச் சிரித்த அந்த வயிற்றை ஒருத்தர் இவ்வளவு கவனமாகத் தொடுவது அவளுக்குப் புதிது. ஒருநாள் அப்படியே நித்திரையாகிப்போனாள். எழுப்பியபோது தலையணை நனைந்திருந்தது. ஏன் அழுதாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கிறிஸ்மஸ் கழிந்தபோது முழங்கால் வீக்கம் வற்றியிருந்தது. எலிவேற்றர் பழுதான ஒருநாள் ஒன்பது மாடியும் படியில் ஏறினாள். இரண்டு இடத்தில் மட்டும்தான் நின்றாள். வாகீசனுக்கே ஆச்சரியம். "அக்கா, உங்கடை முகம் வெளிச்சிருக்கு" என்றான்.

மாசியில் மறுபடி ஆஸ்பத்திரித் தராசில் ஏறினாள். பதினைந்து இறாத்தல் குறைந்திருந்தது. அறுபதில் பதினைந்து. டொக்ரர் கை குலுக்கினார், நல்ல முயற்சி என்றார், கோடையில் வந்து பார்க்கச் சொன்னார்.

வீட்டில் பிரதீபா கதவடியிலேயே நின்றாள்.

"என்னவாம்?"

"இன்னும் கொஞ்சம் குறைக்கட்டாம்."

"இன்னும் கொஞ்சமோ?" பிரதீபாவின் குரல் உயர்ந்தது. "அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமா உயிர் போய்க்கொண்டிருக்கு, மச்சாள். நீங்கள் ஊசி குத்திக்கொண்டு நித்திரை கொண்டிட்டு வாறியள். ஒரு மனுசி வாயைக் கட்டினால் குறையாதோ? எங்கையோ ஒளிச்சுச் சாப்பிடுறியள். இல்லையெண்டால் எப்பிடி?"

"நான் ஒளிச்சுச் சாப்பிடேல்லை, பிள்ளை."

"அப்ப உந்த உடம்பு காத்தையோ குடிக்குது?"

சோபாவில் கிடந்த வாகீசன் எழும்பப் பார்த்தான், ஏலவில்லை. "பிரதீபா, வாயை மூடு" என்றான். அந்தச் சத்தம் ரீ.வி.யின் சத்தத்தை விடத் தாழ்ந்திருந்தது.

அன்றிலிருந்து யோகமலர் சாப்பாட்டையே விட்டாள். வெறும் ரீயும் தண்ணீரும். பக்ரறியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வோஷ்றூமுக்குள் போய் இருந்தாள். மற்றப் பெண்களின் கறி வாசம் வராத இடம் அதுதான். தராசு இறங்கியது. அவளுக்கு அப்படியொரு சந்தோசம் வாழ்நாளில் வந்ததில்லை. தலை சுற்றும்போதெல்லாம் தம்பிக்கு ஒரு நாள் கூடிவிட்டதென்று நினைத்தாள்.

டொக்ரர் லியாங்கின் கட்டிலில்தான் அது முடிந்தது. ஊசி ஏறிய கொஞ்ச நேரத்தில் கை கால் குளிர்ந்து, கண் மேலே செருகி, யோகமலர் உணர்விழந்தாள். டொக்ரர் ஊசிகளைப் பிடுங்கி, கால்களை உயர்த்தி, இனிப்புத் தண்ணீர் பருக்கினார். பிறகு கிளடிஸைப் போனில் பிடித்தார். ரிசீவர் இரண்டு பேருக்கும் நடுவில் கைமாறிக்கொண்டிருந்தது.

"எத்தினை நாளாச் சாப்பிடேல்லை எண்டு கேக்கிறா" என்றாள் கிளடிஸ்.

யோகமலர் சொன்னாள். ரிசீவர் டொக்ரரிடம் போய்த் திரும்பி வந்தது.

"மலரக்கா, உங்களுக்கென்ன விசரே? இப்பிடிக் கிடந்தால் கொழுப்பு மட்டும் போறேல்லையாம், தசையும் போகுமாம், இதயமும் நிண்டுபோகுமாம். எழும்பின காவல் எல்லாம் திரும்ப விழுந்திடுமாம். சாப்பிடாட்டில் இனி ஊசி போடமாட்டன் எண்டுறா."

அன்று பின்னேரம் வாகீசனுக்கும் கிளடிஸ் சொல்லிவிட்டாள். யோகமலர் வீட்டுக்குள் வந்தபோது அவன் மேசையில் இருந்தான். அவனே எழும்பிச் சோற்றைச் சூடாக்கிப் பருப்பும் கத்தரிக்காயும் போட்டு வைத்திருந்தான். அந்த வேலைக்கே அவனுக்கு மூச்சு வாங்கியது.

"இருங்கோ அக்கா. சாப்பிடுங்கோ."

"பசிக்கேல்லையடா."

"எனக்காகச் சாகாதையுங்கோ." அவன் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நீங்கள் செத்துத் தாற கிட்னியோடை நான் எப்பிடி இருப்பன்? பிரதீபா பயத்திலை கத்துறாள். அவளுக்குக் கோபிக்க வேறை ஆளில்லை. எனக்கு உங்களிலை ஒரு கோபமும் இல்லை."

யோகமலர் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். இரண்டாவது வாய்க்கு அழுகை வந்துவிட்டது. அழுதழுதே சோற்றுக் கோப்பையை முடித்தாள். அவன் கடைசி வரைக்கும் பக்கத்தில் இருந்தான். பிரதீபா அறைக் கதவடியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பங்குனியில் ஊசி வைத்தியம் முடிந்தது. கடைசி இரத்தம் எடுத்தார்கள். அடுத்த கிழமை வாகீசனின் குழாயடி சிவந்து வீங்கியது. டயலிசிஸ் கட்டிலில் கிடந்தவன் குளிரில் நடுங்கத் தொடங்கினான். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். இதயத்தின் வால்வில் போய் உட்கார்ந்துவிட்டது என்றார்கள். இனிச் சிறுநீரகம் கிடைத்தாலும் வைக்க முடியாது என்றும் சொன்னார்கள். அந்த வசனத்தை மொழிபெயர்க்கக் கிளடிஸுக்குக் கனநேரம் எடுத்தது. சித்திரை வருசம் பிறந்த கிழமையில் அவன் போய்விட்டான். கடைசி இரண்டு நாளும் அவனுக்கு யாரையும் தெரியவில்லை. பிரதீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளை அக்கா என்று கூப்பிட்டான். பிரதீபா திருத்தவில்லை.

சாவீட்டு மண்டபத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது யாரோ ஒரு அன்ரி இன்னொருத்திக்குக் காதில் சொன்னது யோகமலரின் காதிலும் விழுந்தது. "தமக்கைக்காரி குடுத்திருக்கலாமாம். உடம்பைக் குறைக்கேல்லையாம்." யோகமலர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நிமிடத்தில் அவளும் அதைத்தான் நம்பினாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, பிரதீபா கஜனியைக் கூட்டிக்கொண்டு மிசிசாகாவில் இருந்த தமையன் வீட்டுக்குப் போனாள். பிரியும்போது இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. வாடகை கட்டுப்படியாகாமல் யோகமலர் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு கிழவியோடு அறையைப் பங்குபோட்டாள். பக்ரறி தூரமாகிப்போனது. ஆவணியில் ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இளம் பெண் குரல். நிறை பார்க்க எப்போது வர வசதி என்று கேட்டது. யோகமலர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "மை பிறதர் டெட்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இட்ஸ் ஓகே" என்று அவளுக்கு ஆறுதல் சொல்லவேண்டி வந்தது.

ஆராய்ச்சியின் முடிவு சொல்ல டொக்ரர் லியாங் எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். போகத்தான் வேண்டுமா என்று யோகமலர் யோசித்தாள். கடைசியில், இவ்வளவு கவனமாகத் தொட்ட மனுசி என்று போனாள். கிளடிஸும் வந்தாள். டொக்ரர் லியாங் முதலில் எழுந்து நின்று தலை குனிந்தார். தம்பியின் சாவு அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகுதான் கதிரையில் இருந்தார்.

"உங்களுக்குச் சரியான இடத்திலைதான் ஊசி போட்டவையாம்" என்றாள் கிளடிஸ். "இரத்தம் நல்லாத் திருந்தியிருக்காம், மலரக்கா. துரு நல்லாக் குறைஞ்சிட்டுதாம். காவல் ஏறியிருக்காம். நிறைதான் அவ்வளவு இறங்கேல்லை."

யோகமலர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தாள்.

"அப்ப என்ரை உடம்பு நல்லா இருந்ததோ? கிட்னி எடுத்திருக்கலாமோ? கேளும் பிள்ளை."

கிளடிஸ் கேட்கத் தயங்கினாள். பிறகு கேட்டாள்.

"அவவுக்குத் தெரியாதாம். இது ஒரு ஆளின்ரை இரத்தமாம். இதை வைச்சு ஒண்டும் சொல்லேலாதாம். வெட்டுற டொக்ரர்மார் உதைப் பாக்கிறேல்லையாம். அவை பாக்கிறது நிறையும் பிரசரும்தானாம். முதலே தெரிஞ்சிருந்தாலும் எடுத்திருக்கமாட்டினமாம்."

"ஓம்" என்றாள் யோகமலர்.

உடம்பு கெட்டுத்தான் கிடந்தது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாக எழும்பி வந்திருப்பாள். இந்த உடம்பு அவளுக்குத் தெரியாமல், அவள் திட்டத் திட்ட, தன்பாட்டில் சுகமாகிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பார்க்க எந்தத் தராசும் இருக்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

டொக்ரர் லியாங் தொடர்ந்து ஊசி போட்டுவிடுவதாகவும் காசு வேண்டாமென்றும் சொன்னார்.

"இனி ஆருக்கு?" என்று கேட்டாள் யோகமலர்.

கிளடிஸ் அதை மொழிபெயர்த்தாள். டொக்ரர் லியாங் விரலால் யோகமலரையே காட்டினார். யோகமலர் தலையாட்டிவிட்டு வந்தாள். பிறகு அங்கே போகவில்லை.

அன்று பின்னேரமே பிரதீபாவுக்குப் போன் எடுத்தாள். சொல்லாமல் விடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் வாகீசன் செத்தபிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேறு எதுவும் இருக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். நிறை இறங்காததையும் சொன்னாள், இரத்தம் திருந்தியதையும் சொன்னாள். போனின் அந்தப் பக்கத்தில் கஜனி எதற்கோ அழுதாள். பிரதீபா அவளை அதட்டவில்லை.

"அப்ப அது ஆரின்ரை பிழை, மச்சாள்?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்ற ஒன்றை யாரோ கழற்றி எடுத்ததுபோல் அவளுடைய குரல் இருந்தது. யோகமலர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு யோசித்தாள். டொக்ரர்மார் பொய் சொல்லவில்லை. பிரதீபாவும் சும்மா கத்தவில்லை. யோகமலரும் வாயைக் கட்டித்தான் இருந்தாள்.

"தெரியேல்லை, பிள்ளை" என்றாள்.

இரண்டு பேரும் போனை வைக்காமல் கனநேரம் அப்படியே நின்றார்கள். ஒருத்திக்கொருத்தி மூச்சு விடுவது மட்டும் கேட்டது.